கட்டிவைத்துவிட்டு இயல்பைப் பேசுவது

ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவரை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேறொரு அறையில் படுக்கவைத்து, வெளியே பூட்டிவிடுகிறார்கள். கண் விழித்துப் பார்த்தால், பல நாளாகச் சந்தித்துப் பேச வேண்டும் என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்த ஆள் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார். இவருக்கு ஒரே மகிழ்ச்சி. பேச்சு நீள்கிறது. எழுந்து போகலாம் என்ற நினைப்பே வரவில்லை. கதவு பூட்டியிருப்பதும் தெரியாது. அங்கே அவர் விருப்பத்தோடுதான் இருக்கிறார். ஆனால் சுதந்திரமாக இருக்கிறாரா?

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் மனித அறிவைப் பற்றி எழுதிய பெரிய நூலில் இந்த உதாரணம் வருகிறது. விருப்பத்தோடு இருக்கிறார், ஆனால் வெளியே போகும் சுதந்திரம் அவருக்கு இல்லை என்பது லாக்கின் பதில். விருப்பம் வேறு, சுதந்திரம் வேறு. ஒன்றைச் செய்யவும் செய்யாமல் இருக்கவும் முடிகிறதா என்பதுதான் அவருக்குக் கேள்வி.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதில்லை. "நினைத்தது கிடைத்துவிட்டதே, பூட்டினால் என்ன, பூட்டாவிட்டால் என்ன?" என்பார்கள் சிலர். "அவருக்குத் தெரியாமலே அவரை ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று கொதிப்பார்கள் வேறு சிலர். இரண்டு பேருமே சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோலத் தோன்றினாலும், அடியில் ஓடுவது இன்னொரு விஷயம்: மனிதன் என்றால் யார்? ஆசைகளின் மூட்டைதான் மனிதன் என்றால், ஆசை நிறைவேறியவருக்குக் குறை ஒன்றுமில்லை. அடுத்த நொடியே மனம் மாறி வேறொன்றை விரும்பக்கூடியவன் மனிதன் என்றால், அந்தப் பூட்டு பெரிய விஷயம்.

சுதந்திரம் பற்றிய தத்துவங்கள் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு படிக்கலாம். யார் சுதந்திரத்துக்கு இலக்கணம் சொன்னாலும், மனித இயல்பைப் பற்றிய ஒரு படம் அதற்குள் ஒளிந்திருக்கும். எனக்கு நெடுநாளாக உறுத்தும் கேள்வி அடுத்தது. அந்தப் படத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? சுதந்திரமாக வாழ்ந்த மனிதர்களைப் பார்த்து வரைந்தார்களா, கட்டிவைக்கப்பட்ட மனிதர்களைப் பார்த்து வரைந்தார்களா?

மனித இயல்பிலிருந்து அரசியலைக் கட்டியெழுப்பியவர்களில் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் அளவுக்கு ஒளிவுமறைவில்லாமல் எழுதியவர் குறைவு. 1588இல், ஸ்பெயினின் கடற்படை இங்கிலாந்தைத் தாக்க வருகிறது என்று ஊரெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்த ஆண்டில் பிறந்தவர். தன் தாய் இரட்டையரைப் பெற்றாள், ஒருவன் நான், இன்னொருவன் அச்சம் என்று பின்னாளில் தானே எழுதினார். 1640இல் பாரிஸுக்கு ஓடினார். 1642இல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து ஹாப்ஸின் 'லெவியத்தான்' வெளிவந்தது.

அந்த நூலில் மனிதன் ஓர் இயங்கும் பொருள். ஒன்றை நோக்கி நகர்ந்தால் ஆசை, ஒன்றிலிருந்து விலகினால் வெறுப்பு. ஆகவே சுதந்திரமும் இயக்கம் சம்பந்தப்பட்டதுதான்: வெளியிலிருந்து தடை இல்லாமை. கரைகளுக்கு நடுவே ஓடும் நீருக்குக்கூட அவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு வருகிறது. கப்பல் மூழ்கிவிடும் என்று பயந்து தன் சரக்கைத் தானே கடலில் வீசுகிறவன் சுதந்திரமாகவே அதைச் செய்கிறான் என்கிறார் ஹாப்ஸ். வேண்டாம் என்றால் வீசாமல் இருந்திருக்கலாமே! அச்சமும் சுதந்திரமும் ஒன்றாக இருக்க முடியும். அதனால் உயிருக்குப் பயந்து ஓர் ஆட்சியாளனுக்குப் பணிந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லும்.

பொது அதிகாரம் ஒன்று இல்லாவிட்டால் மனித வாழ்க்கை தனிமையும் வறுமையும் அசிங்கமும் கொடூரமுமாய், அற்ப ஆயுளோடு முடியும் என்ற அவருடைய வரி எல்லோரும் அறிந்தது. நம்ப மறுப்பவரிடம் அவர் வைக்கும் சான்று இன்னும் சுவாரஸ்யமானது. பயணம் போகும்போது ஆயுதம் எடுத்துக்கொண்டு போகிறாயே, தூங்கப் போகும்போது கதவைப் பூட்டுகிறாயே, வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாயே, அப்போது உன் சக மனிதர்களைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். லாக்கின் கதையில் பூட்டு வெளியே இருந்தது. ஹாப்ஸிடம் அது உள்ளே இருக்கிறது, நாமே போட்டுக்கொள்கிறோம். இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. போர் நடந்த இடங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஹாப்ஸ் மிகைப்படுத்தியதாகத் தோன்றாது.

ஆனால் 1755இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய தத்துவவாதி ரூசோ ஒரு பதில் சொன்னார். மனித சமத்துவமின்மை எங்கிருந்து வந்தது என்று ஆராயும் நூலில், இயற்கை மனிதனைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு, சமூகத்தில் வளர்ந்து போட்டியும் பொறாமையும் கற்றுக்கொண்ட மனிதனை ஹாப்ஸ் போன்றவர்கள் வரைந்துவைத்திருக்கிறார்கள் என்றார். ரூசோ வரைந்த இயற்கை மனிதன் உண்மையா என்பது வேறு விஷயம். அப்படி ஒருவன் எங்கும் வாழ்ந்ததாகச் சான்றில்லை. ஆனால் அவர் ஹாப்ஸிடம் கண்ட பிழை உண்மையான பிழை. உள்நாட்டுப் போரின் நடுவே மனிதர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை வைத்து மனிதர்கள் எப்போதும் எப்படி என்று சொல்லிவிட முடியாது.

தமிழில் நமக்கு இதைப் பேச இரண்டு சொற்கள் இருக்கின்றன. விடுதலை, சுதந்திரம். பேச்சில் ஒன்றை ஒன்றின் இடத்தில் வைக்கிறோம், ஆனால் வேர் வேறு. விடுதலை 'விடு' என்பதிலிருந்து வருகிறது. யாரோ பிடித்திருந்தார்கள், விட்டார்கள். சிறையிலிருந்து விடுதலை, கடனிலிருந்து விடுதலை. இந்தச் சொல்லுக்கு 'இருந்து' என்ற உருபு கூடவே வரும். சுதந்திரம் வடமொழி வழியாக வந்தது: 'சுய' என்ற பொருளுள்ள முன்னொட்டும், ஒழுங்கு, நெறி, ஆளுகை என்ற பொருளுள்ள 'தந்திரம்' என்பதும் சேர்ந்தது. தன்னைத் தானே நடத்திக்கொள்ளுதல். இங்கே யாரும் பிடித்திருக்க வேண்டிய அவசியமில்லை; நடத்துகிறவன் யார் என்பதுதான் கேள்வி.

1958 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது ஐசையா பெர்லின் ஆற்றிய உரை இந்த இரண்டையும்தான் பிரித்துக் காட்டியது. எதிர்மறைச் சுதந்திரம்: எந்த அளவுக்குப் பிறர் என் வழியில் குறுக்கிடாமல் இருக்கிறார்கள்? நேர்மறைச் சுதந்திரம்: என்னை ஆள்வது யார், நானா, வேறு யாராவதா? தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே போட்டுவைத்திருந்த கோடு போலவே இருக்கும். பெர்லின் 1909இல் ரீகாவில் பிறந்தவர். 1917இல், ரஷ்யப் புரட்சியின்போது, பெட்ரோகிராடில் சிறுவனாக இருந்த அவர், ஒரு போலீஸ்காரரைக் கும்பல் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தார். அந்தக் காட்சி கடைசிவரை மனதைவிட்டுப் போகவில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். விடுதலையின் பெயரால் மனிதர்களை நசுக்கிய நூற்றாண்டில் வாழ்ந்தவருக்கு நேர்மறைச் சுதந்திரத்தின் மேல் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை.

அந்தச் சந்தேகம் என்னவென்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டுவர்ட் மில்லின் ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்பது எளிது. 1859இல் வந்த 'சுதந்திரம் பற்றி' நூலில் ஒரு பாலம் வருகிறது. அது இடிந்துவிழும் நிலையில் இருப்பது ஊர்ஜிதமாகிவிட்டது. தெரியாமல் ஒருவர் அதில் கால் வைக்கப் போகிறார். எச்சரிக்க நேரமில்லை. பிடித்து இழுக்கலாமா? இழுக்கலாம், அவருடைய சுதந்திரம் அதனால் மீறப்படவில்லை என்கிறார் மில். சுதந்திரம் என்பது விரும்பியதைச் செய்வது, அவர் ஆற்றில் விழ விரும்பவில்லையே. ஆனால் பாலம் விழும் என்பது நிச்சயமில்லை, ஆபத்து மட்டும் இருக்கிறது என்றால் எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். துணிந்து போவதா வேண்டாமா என்று அவரே முடிவுசெய்யட்டும்.

சரி, இந்தச் சிறு இடைவெளிக்குள் எவ்வளவு பெரிய யானை நுழைந்துவிடுகிறது என்று பாருங்கள். "நீ உண்மையில் விரும்புவது அது இல்லை" என்று ஒருவரிடம் சொல்ல முடியும் என்று ஒப்புக்கொண்டோம். பாலத்தின் விஷயத்தில் அது சரிதான். அதையே ஒரு கட்சி, ஒரு அரசு, ஒரு சபை சொல்ல ஆரம்பித்தால்? உன் கீழான ஆசைகள் உன்னை ஏமாற்றுகின்றன, உன் உண்மையான சுயம் நாங்கள் சொல்வதைத்தான் விரும்புகிறது, ஆகவே உன்னைக் கட்டாயப்படுத்துவது கட்டாயமே இல்லை. 1762இல் ரூசோவே இந்த விளிம்புக்குப் போனார். பொது விருப்பத்துக்குப் பணிய மறுப்பவனைப் பணியவைப்பது அவனைச் சுதந்திரமாக இருக்கக் கட்டாயப்படுத்துவதுதான் என்று எழுதினார். அந்த வாக்கியத்துக்கு மென்மையான விளக்கங்கள் உண்டு. எனக்கு எந்த விளக்கமும் முழுதாக நிம்மதி தரவில்லை. மனிதன் யார் என்பதன் இலக்கணத்தைப் போதுமான அளவு வளைத்துவிட்டால், வளைப்பவர் விரும்பும் எந்தப் பொருளையும் சுதந்திரத்துக்குத் தந்துவிடலாம் என்று பெர்லின் அந்த உரையிலேயே எச்சரித்தார்.

அதற்காக உள்ளே இருக்கும் தடைகளை இல்லை என்று சொல்லிவிடலாமா? ஹாப்ஸின் கணக்குப்படி, போதைக்கு அடிமையானவரின் கையை யாரும் பிடிக்கவில்லை, ஆகவே அவர் சுதந்திரமானவர். நம்மில் யாராலும் இதை ஏற்க முடியாது. 1971இல் அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி ஃபிராங்ஃபர்ட் ஒரு கட்டுரையில் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். விலங்குகளுக்கும் ஆசை உண்டு. மனிதனுக்கோ தன் ஆசையைப் பற்றியே ஓர் ஆசை உண்டு. இந்த ஆசை எனக்கு வேண்டும், அது வேண்டாம் என்று அவனால் நினைக்க முடியும். போதை வேண்டும் என்று உடல் கேட்கிறது, அந்த விருப்பமே எனக்கு இல்லாமல் போனால் நன்றாயிருக்குமே என்று மனம் கேட்கிறது. இந்த இரண்டாவது விருப்பம் தோற்றுப்போகும்போது அவர் தன் சொந்த வாழ்க்கையில் பார்வையாளராகிவிடுகிறார். நள்ளிரவில் தூங்க நினைத்துக்கொண்டே கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு இது புரியும்.

தடைகளை வெறுமனே எண்ணிக் கணக்குப் போட முடியாது என்பதற்கு கனடாவின் தத்துவவாதி சார்லஸ் டெய்லர் 1979இல் இன்னொரு காரணம் காட்டினார். கம்யூனிச ஆட்சியில் இருந்த அன்றைய அல்பேனியாவில் போக்குவரத்து விளக்குகள் மிகக் குறைவு, லண்டனிலோ திரும்பிய பக்கமெல்லாம் விளக்கு. தடைகளின் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் அல்பேனியர்களே அதிகச் சுதந்திரமானவர்கள். வழிபாடு அங்கே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனால் வழிபடப் போகிறவர்களைவிடச் சிவப்பு விளக்கில் நிற்கிறவர்கள் அதிகம் அல்லவா! இந்தக் கணக்கு நமக்கு அபத்தமாகப் படுகிறது. ஏன்? மனிதனுக்கு எது முக்கியம் என்ற ஒரு கணிப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது இல்லாமல் சுதந்திரத்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது.

உள்ளேயிருக்கும் தடையை முழுக்க வென்றுவிட்டால் வெளியே இருப்பது ஒரு பொருட்டே இல்லை என்று சொன்ன பெரிய மரபு ஒன்று உண்டு. ரோமானியப் பேரரசில் வாழ்ந்த தத்துவவாதி எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர், பின்னர் விடுவிக்கப்பட்டவர். என் காலுக்குத்தான் விலங்கு போட முடியும், என் சித்தத்தைச் சேயுஸ் கடவுளாலும் வெல்ல முடியாது என்பது அவருடைய பாடம். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள், இல்லாததை விட்டுவிடு. நமக்கு இது புதிதில்லை. 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்' என்கிறது குறள். எதை எதை விட்டு விலகினானோ, அதனால் அதனால் வரும் துன்பம் அவனுக்கு இல்லை. முக்தியைக் குறிக்கும் வீடு என்ற பழஞ்சொல்லே அந்த 'விடு'விலிருந்து வந்ததுதான்.

இந்த மரபின் முன் எனக்கு மரியாதை உண்டு. தப்பிக்க வழியே இல்லாதவருக்கு அது மனிதனாக நிமிர்ந்து நிற்க இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை அது. விலங்கைப் பூட்டியவர் அதை எடுத்துச் சொல்ல உரிமையில்லை. ஆசையை விட்டுவிட்டால் தடையும் மறைந்துவிடும் என்பதை அரசியல் கொள்கையாக்கினால், எட்டாத திராட்சை புளிக்கும் என்று நினைக்கக் கற்ற நரிதான் உலகிலேயே சுதந்திரமான பிராணியாகிவிடும்.

அப்புறம், நல்ல எஜமானின் கதை. ஓர் அடிமைக்கு இரக்கமுள்ள எஜமான் வாய்க்கிறார். அடிப்பதில்லை, தடுப்பதில்லை, கேட்டதெல்லாம் தருகிறார். குறுக்கீடு இல்லை, ஆகவே எதிர்மறைச் சுதந்திரம் நிறைய இருக்கிறது என்று சொல்ல வேண்டிவரும். ஆனால் அவர் இன்னும் அடிமைதான். எஜமானின் முகம் நாளைக்கு மாறலாம். மாறாமல் இருக்க இந்த மனிதர் தினமும் அந்த முகத்தைப் படிக்க வேண்டும், சிரிக்க வேண்டும், பேச்சை அளந்து பேச வேண்டும். ரோமானியச் சட்ட மரபிலிருந்து வந்த இந்தப் பார்வையை 1997இல் தத்துவவாதி பிலிப் பெட்டிட் மீண்டும் எடுத்துக் கட்டினார்: இன்னொருவரின் தயவில் வாழாமல் இருப்பதே சுதந்திரம். லாக்கின் அறையில் எது தவறு என்பதற்கு எனக்குக் கிடைத்தவற்றில் நல்ல விளக்கம் இதுதான். சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. இன்னொன்றையும் இது காட்டிவிடுகிறது. தயவில் வாழ்கிறவர்கள் நாளடைவில் ஒரு குணத்தைப் பெறுகிறார்கள். பணிவு, முகத்துதி, மறைத்துப் பேசுதல். வெளியிலிருந்து பார்ப்பவர் அதைப் பார்த்துவிட்டு, "இவர்கள் இயல்பே இப்படித்தான்" என்று எழுதிவைத்துவிடுகிறார்.

அப்படி எழுதிவைத்தவர்களில் முதல் பெரும் பெயர் அரிஸ்டாட்டில். சிலர் இயற்கையிலேயே அடிமைகள், ஆளப்படுவதே அவர்களுக்கு நல்லது என்று 'அரசியல்' நூலின் முதல் பகுதியில் வாதிடுகிறார். அந்த வாதம் அவருக்கே முழுதாகக் கைகொடுக்கவில்லை என்பது அந்தப் பக்கங்களிலேயே தெரிகிறது. அடிமையின் உடலையும் சுதந்திர மனிதனின் உடலையும் வேறுவேறாகப் படைக்கவே இயற்கை விரும்புகிறது, ஆனால் பல சமயம் மாறிப்போய்விடுகிறது என்று ஒப்புக்கொள்கிறார். ரூசோவின் பதில் ஒரு வரி: அரிஸ்டாட்டில் விளைவைக் காரணம் என்று நினைத்துவிட்டார். விலங்கில் கிடக்கும் அடிமைகள் எல்லாவற்றையும் இழக்கிறார்கள், அதிலிருந்து தப்பும் ஆசையையும் சேர்த்து. 1755இன் நூலில் ஒரு குதிரையைக் காட்டுகிறார். கடிவாளம் நெருங்கினாலே பழக்கப்படாத குதிரை பிடரி சிலிர்த்துக் காலால் தரையை உதைக்கும். பழக்கப்பட்ட குதிரை சவுக்கையும் பொறுத்துக்கொள்ளும். அடிமைப்பட்டவர்களின் தாழ்வைப் பார்த்து மனித இயல்பை முடிவுசெய்யாதீர்கள் என்கிறார்.

1869இல் பெண்களின் அடிமைநிலை பற்றி எழுதியபோது மில் இதே வாதத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார். பெண்ணின் இயல்பு என்று இப்போது சொல்லப்படுவது முற்றிலும் செயற்கையாக உண்டாக்கப்பட்டது. சில திசைகளில் அமுக்கியும் சில திசைகளில் வலிந்து வளர்த்தும் செய்தது. அதோடு இன்னொரு கேள்வியும் கேட்டார். பெண்களால் இயற்கையாகவே முடியாத காரியத்தை அவர்களுக்குத் தடைசெய்வது எதற்கு? முடியாததை யாரும் செய்யப் போவதில்லையே! தடை இருக்கிறது என்றாலே, முடியும் என்ற பயம் தடைபோட்டவருக்கு இருக்கிறது.

இதே மில்தான் 1859இல், தன் சுதந்திரக் கொள்கை குழந்தைகளுக்கும் 'பின்தங்கிய' சமூகங்களுக்கும் பொருந்தாது என்று எழுதினார். பேச்சின் மூலம் முன்னேறும் பக்குவம் வராத மக்களுக்கு ஓர் அக்பருக்கோ ஷார்லமேனுக்கோ கீழ்ப்படிவதைத் தவிர வேறு வழியில்லையாம், அப்படி ஒருவர் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டமாம். அவர் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆங்கில எழுத்தாளரும் அரசியல்வாதியுமான மெக்காலே இன்னும் வெளிப்படையான உதாரணம். 1825இல் கவிஞர் மில்டனைப் பற்றிய கட்டுரையில், பக்குவம் வந்த பிறகே மக்களுக்குச் சுதந்திரம் என்பவர்களை, நீந்தக் கற்றுக்கொள்ளும்வரை தண்ணீரில் இறங்க மாட்டேன் என்ற பழங்கதை முட்டாளோடு ஒப்பிட்டார். எட்டு ஆண்டு கழித்து, 1833இல், நாடாளுமன்றத்தில் பேசும்போது இந்தியாவுக்குச் சுதந்திர ஆட்சி இயலாது, அதற்கு அடுத்த நல்ல விஷயமாக உறுதியான, பாரபட்சமற்ற எதேச்சாதிகாரம் கிடைக்கலாம் என்றார். இரண்டு பேருக்கும் கூர்மையான அறிவு இருந்தது. சுதந்திரத்தை மனதார நேசித்தார்கள். ஆனால் தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த மக்களைப் பார்த்தபோது, கட்டுப்பாட்டின் விளைவை அவர்களுடைய இயல்பாகப் படித்துவிட்டார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபத்தைவிடக் கவலைதான் வருகிறது. அவ்வளவு தெளிவாக யோசித்தவர்களுக்கே இது நடந்திருக்கிறது.

இந்தப் 'பக்குவம்' என்ற வாதத்துக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதிலை ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் 1793இல், சமயம் பற்றிய நூலின் ஓர் அடிக்குறிப்பில் வைத்திருக்கிறார். ஒரு மக்கள் கூட்டம் இன்னும் சுதந்திரத்துக்குப் பக்குவப்படவில்லை, பண்ணையடிமைகள் இன்னும் தயாராகவில்லை என்று கெட்டிக்காரர்கள் பேசுவதைத் தன்னால் ஏற்க முடியவில்லை என்கிறார். அப்படிப் பார்த்தால் சுதந்திரம் என்றுமே வராது. முதலில் சுதந்திரத்தில் வைக்கப்பட்டால்தான் அதற்குப் பக்குவப்பட முடியும். ஆரம்ப முயற்சிகள் கரடுமுரடாகத்தான் இருக்கும், ஆபத்தும் இருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. காண்ட் மனிதனைத் தேவதையாக எண்ணியவர் இல்லை. இவ்வளவு கோணலான மரத்திலிருந்து முழுக்க நேரான எதையும் செதுக்க முடியாது என்று 1784இல் எழுதியவரும் அவர்தான். மனித இயல்பு கோணலானது என்று ஒப்புக்கொண்டே சுதந்திரத்தின் பக்கம் நிற்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. கோணல் ஆள்பவருக்கும் உண்டு அல்லவா?

மனித இயல்பு என்று ஒன்றே கிடையாது என்பது இன்னொரு முனை. முதலில் மனிதன் இருக்கிறான், பிறகு தன் செயல்களால் தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1945இல் பாரிஸில் ஆற்றிய உரையில் சொன்னார். அந்த அளவுக்குப் போக எனக்குத் துணிவில்லை. பசி, வலி, அச்சம், அன்புக்கு ஏங்குவது, பிறர் மதிக்க வேண்டும் என்ற ஆசை இவையெல்லாம் நாம் தேர்ந்தெடுத்தவை இல்லை. ஒரு வெற்றுத் தாள்தான் மனிதன் என்றால், அதில் எதை எழுதினாலும் தவறில்லை என்றும் ஆகிவிடும். அடிமைத்தனம் அவனுக்கு வலிக்கிறது என்று சொல்லக்கூட இடமிருக்காது.

கட்டிவைத்து இயல்பை உண்டாக்குவது எப்படி நடக்கிறது என்று தத்துவ ஆசிரியர்களைவிடத் துல்லியமாக எழுதியவர் ஒருவர் இருக்கிறார். ஃபிரெடெரிக் டக்ளஸ். அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். தன் வாழ்க்கையை 1845இல் எழுதி வெளியிட்டார். சிறுவனாகப் பால்டிமோருக்கு அனுப்பப்பட்டபோது, வீட்டு எஜமானி அவருக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவர் தடுத்தார். படிப்பு உலகத்திலேயே சிறந்த அடிமையையும் கெடுத்துவிடும், இவனுக்குப் படிக்கத் தெரிந்துவிட்டால் அப்புறம் இவனை வைத்துக்கொள்ளவே முடியாது என்றார். இயற்கையே அடிமையாகப் படைத்திருந்தால் எழுத்துகள் எப்படிக் கெடுக்கும்? அரிஸ்டாட்டிலின் வாதத்தை எஜமானே தன் வாயால் உடைத்துவிட்டார். பையன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து அவர்களிடமே படிக்கக் கற்றுக்கொண்டான்.

இன்னொரு செய்தியும் அந்த நூலில் உண்டு. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் அடிமைகளுக்கு விடுமுறை. அந்த நாட்களில் அளவுக்கு மீறிக் குடிக்கும்படி எஜமானர்கள் தூண்டுவார்கள், யார் அதிகம் குடிப்பார்கள் என்று பந்தயம்கூடக் கட்டுவார்கள். நாட்கள் முடிந்து தள்ளாடி எழும்போது, இதுதான் சுதந்திரம் என்றால் எஜமானே மேல் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். "விட்டால் கெட்டுவிடுவார்கள்" என்ற 'இயல்பு' ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தயாரிக்கப்பட்டது. எஜமான் எப்படி என்று கேட்டால் பெரும்பாலான அடிமைகள் நல்லவர் என்றே சொல்வார்கள் என்றும் எழுதுகிறார். கேட்கிறவர் எஜமான் அனுப்பிய ஒற்றராக இருக்கலாம்; உண்மை பேசியதற்காகத் தூரதேசத்துக்கு விற்கப்பட்டவர்கள் உண்டு.

1838 செப்டம்பர் 3ஆம் தேதி டக்ளஸ் தப்பித்து நியூயார்க்குக்கு வந்தார். அங்கே ஹாப்ஸின் பக்கங்களிலிருந்து எடுத்ததுபோல ஒரு நிலை அவருக்கு நேர்ந்தது. முதல் மகிழ்ச்சி சீக்கிரமே அடங்கி, தனிமையும் பயமும் பிடித்துக்கொண்டன. யாரோடும் பேசத் துணிவில்லை. ஒவ்வொரு வெள்ளையனும் எதிரியாகத் தெரிந்தான், கறுப்பர்களிடமும் சந்தேகம். எவரையும் நம்பாதே என்பதே அப்போது தன் தாரகமந்திரம் என்கிறார். ஆனால் இந்த அச்சம் அரசு இல்லாததால் வந்ததில்லை. சட்டம் இருந்தது, காவல் இருந்தது. தப்பியவர்களைப் பிடித்துக் காசாக்கும் ஆட்கள் தெருவில் திரிந்தார்கள், சட்டம் அவர்கள் பக்கம் நின்றது. அந்த நகரத்தில் அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய டேவிட் ரக்கிள்ஸ் என்பவர் அவரைத் தன் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். பின்னர் டக்ளஸ் வடக்கே மாசசூசெட்ஸிலுள்ள நியூ பெட்ஃபோர்டு என்ற துறைமுக ஊருக்குப் போனார். போன மூன்றாம் நாள் ஒரு வேலை கிடைத்தது. எண்ணெய்ச் சரக்கை ஒரு படகில் ஏற்றி அடுக்கும் வேலை. புதிது, அழுக்கு, கடினம். மகிழ்ந்த மனதோடும் மனமுவந்த கையோடும் செய்ததாக எழுதியிருக்கிறார். அன்றைக்குக் கிடைத்த கூலியை வாங்கிக்கொள்ள எந்த எஜமானும் பக்கத்தில் நிற்கவில்லை.